ஈவுத்தொகைப் பங்குகள் கடன்பத்திரங்களுக்கு மாற்றாகுமா? கோலார் தங்கவயல் வரலாறு தரும் விளக்கம்

கோலார் தங்கவயல்: ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வருமானம் எதிர்பார்ப்போர், வங்கி வைப்புத்தொகைக்கும் கடன்பத்திரங்களுக்கும் பதிலாக, ஆண்டுதோறும் ஈவுத்தொகை வழங்கும் நிறுவனப் பங்குகளை வாங்கலாமா என்ற கேள்வி மீண்டும் எழுந்துள்ளது. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை ரெப்போ விகிதத்தைக் குறைத்து, 6.50 விழுக்காட்டிலிருந்து 5.25 விழுக்காடாக்கியதும், அதைத் தொடர்ந்து வைப்புத்தொகை வட்டி இறங்கியதும் இதற்கு முதன்மைக் காரணங்களாகும்.

இக்கேள்விக்கு விடை தேட, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் பொருத்தமான இடமாகும். இங்குள்ள பாலகாட், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் ஆகிய பெயர்கள் இன்று குடியிருப்புப் பகுதிகளையும் ரயில் நிலையங்களையும் குறிக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இவை லண்டன் பங்குச் சந்தையில் விலை பேசப்பட்ட நிறுவனங்களின் பெயர்களாக இருந்தன. இந்நிலத்தடியில் வெட்டப்பட்ட தங்கம், கடல் கடந்து வாழ்ந்த பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகச் சென்றது.

அடிப்படை வேறுபாடு

கடன்பத்திரம் என்பது ஒரு வாக்குறுதி. அரசோ நிறுவனமோ முதலீட்டாளரிடம் கடன் பெற்று, குறித்த விகிதத்தில் வட்டியும், குறித்த நாளில் அசலும் தருவதாக எழுத்தில் உறுதியளிக்கிறது. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் வட்டி செலுத்தப்பட வேண்டும். தவறினால் கடன் கொடுத்தவர் சட்டத்தை நாடலாம்.

டிவிடெண்ட் என்று பரவலாக அழைக்கப்படும் ஈவுத்தொகையில் அத்தகைய வாக்குறுதி இல்லை. பங்கு வைத்திருப்பவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவர். அனைவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு எஞ்சும் இலாபத்தில், இயக்குநர் குழு பகிர்ந்தளிக்கப் பரிந்துரைக்கும் பகுதியே ஈவுத்தொகை. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 123 ஆவது பிரிவின்படி, தேய்மானத்தைக் கழித்த நடப்பாண்டு இலாபத்திலிருந்தோ, முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த இலாபத்திலிருந்தோ இது வழங்கப்படலாம். ஆனால் ஆண்டுதோறும் வழங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. அறிவிக்கப்பட்டுவிட்டால் மட்டும், 30 நாள்களுக்குள் அதைச் செலுத்துவது நிறுவனத்தின் கடமையாகிறது.

நிறுவனம் நொடித்துப்போனால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 2016 ஆம் ஆண்டின் திவால் சட்டம் வகுத்துள்ள வரிசையில், திவால் நடவடிக்கைச் செலவுகளுக்கு அடுத்தபடியாக, பிணை பெற்ற கடன்காரர்களும் 24 மாத ஊதிய நிலுவைக்குரிய தொழிலாளர்களும் சமநிலையில் நிற்கின்றனர். சாதாரணப் பங்குதாரர் வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

லண்டனுக்குச் சென்ற தங்கவயல் ஈவு

1880 ஆம் ஆண்டு லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கோலார் சுரங்கங்களின் நிர்வாகத்தில் அடியெடுத்து வைத்தது. தொடக்க ஆண்டுகளில் பெரும் பணம் செலவாகியும் தங்கம் போதிய அளவில் கிட்டவில்லை. மைசூர் சுரங்க நிறுவனத்தின் மூலதனம் ஏறத்தாழத் தீர்ந்துபோயிருந்த நிலையில், கேப்டன் பிளம்மர் தலைமையில் தொடர்ந்த அகழ்வில் வளமான சாம்பியன் தாதுப்படுகை வெளிப்பட்டது. அதன்பின் இப்பாறைத்தொடரின்மேல் பல நிறுவனங்கள் முளைத்தன. அவற்றுள் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் ஆகிய ஐந்தும் முதன்மை பெற்றன.

அக்கால இங்கிலாந்தில் வருமானம் நாடிய முதலீட்டாளர்களின் நிலை இன்றைய நிலையை ஒத்திருந்தது. ‘கன்சோல்’ எனப்பட்ட பிரிட்டிஷ் அரசுக் கடன்பத்திரங்களே பாதுகாப்பான வருவாயின் அடையாளமாக விளங்கின. 1888 ஆம் ஆண்டு நிதியமைச்சர் கோஷன் அவற்றின் வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தார். 1903 இல் அது மேலும் குறைந்து 2.5 விழுக்காடாகும் எனவும் அப்போதே வரையறுக்கப்பட்டது. அரசுப் பத்திரத்தின் வருவாய் சுருங்கிய அதே காலகட்டத்தில்தான் கோலார் நிறுவனங்கள் இலாபமீட்டத் தொடங்கி, ஈவுத்தொகை வழங்கத் தலைப்பட்டன.

பங்கின் தன்மையைச் சட்டம் எவ்வாறு காண்கிறது என்பதற்கும் தங்கவயல் ஒரு சான்றைத் தந்துள்ளது. ஊரிகம் நிறுவனம் பணமின்றித் தவித்தபோது, அதன் ஒரு பவுண்டு முகமதிப்புள்ள சாதாரணப் பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்கு, அதாவது முகமதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தது. நிறுவனம் புதிய முன்னுரிமைப் பங்குகளை வெளியிட்டு, ஒவ்வொரு பவுண்டிலும் 15 ஷில்லிங் ஏற்கெனவே செலுத்தப்பட்டதாகக் கணக்கில் காட்டி, 5 ஷில்லிங் மட்டுமே வசூலித்தது. பின்னாளில் நிறுவனம் செழித்தபோது, இந்த ஏற்பாட்டை எதிர்த்து ரோப்பர் என்ற பங்குதாரர் வழக்குத் தொடுத்தார். பங்குகளை முகமதிப்புக்குக் குறைவாக வெளியிடுவது செல்லாது என 1892 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிறுவனத்துக்குக் கடன் கொடுப்போர் நம்பியிருப்பது பங்குதாரர் செலுத்தும் மூலதனத்தையே என்பது இத்தீர்ப்பின் அடிப்படை. இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படும் இக்கோட்பாடு, நிறுவனங்கள் சட்டத்தின் 53 ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது.

ஒரே பாறை, வேறுபட்ட வருமானம்

ஐந்து சுரங்கங்களும் தெற்கிலிருந்து வடக்காக ஒரே தாதுத்தொடரில் அடுத்தடுத்து அமைந்தவை. நிர்வாகமும் ஒன்றே. ஆயினும் அவற்றின் பலன் ஒன்றாக இருக்கவில்லை. தெற்கே மைசூர், சாம்பியன் ரீஃப் சுரங்கங்கள் தங்கத்தை அள்ளித் தந்தன. வடகோடியில் இருந்த பாலகாட் அவற்றுக்கு ஈடாக வளரவில்லை. பிற்காலத்தில் அது அண்டையிலிருந்த நந்திதுர்க் சுரங்கத்துடன் சேர்க்கப்பட்டது. தங்கவயல் என்ற பெயரை மட்டும் நம்பிப் பங்கு வாங்கியவருக்குக் கிடைத்த வருமானம், வேலியின் எந்தப் பக்கத்துச் சுரங்கத்தை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்ததாயிற்று.

மைசூர் அரசு பெற்ற வருவாய் வேறு வகையைச் சேர்ந்தது. எடுக்கப்பட்ட தங்கத்தின் மதிப்பில் 5 விழுக்காடு உரிமைத்தொகையாக அரசுக்குச் செலுத்தப்பட்டது. நிறுவனத்துக்கு இலாபம் உண்டா என்பதை இத்தொகை பார்ப்பதில்லை. தங்கம் வெளிவந்தால் பங்கு உண்டு. தொழிலாளரின் கூலியும் அவ்வாறே முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டியது. இவற்றுக்கெல்லாம் பிறகு எஞ்சியதே பங்குதாரரைச் சேர்ந்தது. வளமான ஆண்டுகளில் அந்த எச்சம் மிகப் பெரிதாக இருந்தது. வறண்ட ஆண்டுகளில் சுருங்கியது.

ஈவுத்தொகையின் உள்ளே முதலும் இருந்தது

சுரங்கம் என்பது தேயும் சொத்து. தோண்டி எடுத்த தாது மீண்டும் விளைவதில்லை. எனவே ஒரு சுரங்க நிறுவனம் வழங்கும் ஈவுத்தொகையில் இலாபம் ஒரு பகுதியாகவும், முதலீட்டாளரின் சொந்த முதல் சிறிது சிறிதாகத் திரும்பி வருவது இன்னொரு பகுதியாகவும் கலந்திருக்கும். ஈவுத்தொகை முழுவதையும் வருமானமாகக் கருதிச் செலவிட்டவர், இறுதியில் வருமானமும் முதலும் ஒருசேர இல்லாமற்போவதைக் காண்பார்.

கோலாரில் இது நிகழ்ந்தது. 1902 ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து நீர்மின்சாரம் கொண்டுவரப்பட்டது. புதிய இயந்திரங்கள் சுரங்கங்களின் வாழ்நாளை நீட்டித்தன. ஆயினும் தாதுவின் செறிவு தொடர்ந்து குறைந்தது. தொடக்கத்தில் ஒரு டன் தாதுவில் பல பத்துக் கிராம் தங்கம் கிடைத்த நிலை மாறி, இறுதிக் காலத்தில் சில கிராம் மட்டுமே கிடைத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி, உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஆழம் கூடக் கூட வெப்பமும், பாறை வெடிப்பு அபாயமும், தாதுவை மேலே கொண்டுவரும் செலவும் கூடின.

1956 இல் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசின் உடைமையாயின. 1962 இல் மத்திய அரசு அவற்றை ஏற்றது. 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கப் பணி முடிவுக்கு வந்தது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெளியே சென்றிருந்தது. எஞ்சியவை சயனைடு மணல் மேடுகளும், வேலையிழந்து ஒருமுறைப் பலனாகக் கையில் கிடைத்த தொகையைக் கொண்டு மீதி வாழ்நாளைத் திட்டமிட வேண்டியிருந்த குடும்பங்களும் ஆகும்.

அமெரிக்க அறிவுரையும் இந்தியக் கணக்கும்

‘கடன்பத்திரத்துக்குப் பதில் ஈவுத்தொகைப் பங்கு’ என்ற அறிவுரை இணையத்திலும் முதலீட்டு நூல்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. இதில் பெரும்பகுதி அமெரிக்கச் சூழலில் பிறந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அங்கு வட்டி விகிதம் பூச்சியத்தை ஒட்டி வைக்கப்பட்டது. 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன்பத்திரத்தின் வருவாய் 1.4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அதே நேரத்தில் அந்நாட்டின் முன்னணி 500 நிறுவனப் பங்குகளின் சராசரி ஈவுத்தொகை விகிதம் 2 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. பத்திரத்தைவிடப் பங்கே அதிக வருமானம் தந்த அந்நாளில் அந்த அறிவுரைக்குப் பொருள் இருந்தது.

இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. நிஃப்டி 50 குறியீட்டில் உள்ள நிறுவனங்களின் சராசரி ஈவுத்தொகை விகிதம் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 1 முதல் 1.5 விழுக்காட்டுக்குள்ளேயே அமைந்துள்ளது. இதற்கு மாறாக, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரல் முதல் 8.2 விழுக்காடு; 2025 ஆம் ஆண்டிலும் அதில் மாற்றமில்லை. ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம், தேசியச் சேமிப்புப் பத்திரத்தின் வட்டியைவிட 0.35 விழுக்காடு கூடுதலாகத் தருகிறது. 2023 ஜூலை முதல் அது 8.05 விழுக்காடாக உள்ளது.

எடுத்துக்காட்டாக, 10 இலட்சம் ரூபாய் வைத்திருக்கும் ஒருவரைக் கொள்வோம். 8.2 விழுக்காட்டில் அவருக்கு ஆண்டுக்கு 82,000 ரூபாய், அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் கிடைக்கும். சராசரி நிறுவனப் பங்குகளில் 1.3 விழுக்காடு எனில் ஆண்டுக்கு 13,000 ரூபாய்தான். அதிக ஈவு தரும் பங்குகளாகத் தேர்ந்து 4 விழுக்காடு பெற்றாலும் 40,000 ரூபாயே வரும்.

பங்கின் பக்கம் உள்ள நியாயத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வட்டி மாறாது, நல்ல நிறுவனத்தின் ஈவுத்தொகை வளரக்கூடும். மேற்கண்ட 40,000 ரூபாய் ஆண்டுக்கு 8 விழுக்காடு வீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், பத்து உயர்வுகளுக்குப் பின் அது 86,000 ரூபாயைக் கடந்து, வட்டியை மிஞ்சிவிடும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினால், பத்தாண்டுகள் கழித்துக் கிடைக்கும் 82,000 ரூபாய் வட்டியின் வாங்கும் திறன் இன்றைய கணக்கில் சுமார் 50,000 ரூபாய்தான்.

எனினும் அதுவரை காத்திருக்க வேண்டும். முதல் பத்தாண்டுகளில் வட்டியாக மொத்தம் 8.20 இலட்சம் ரூபாயும், ஈவுத்தொகையாகச் சுமார் 5.79 இலட்சம் ரூபாயும் கிடைக்கும். இடைவெளி ஏறத்தாழ 2.4 இலட்சம் ரூபாய். 8 விழுக்காடு வளர்ச்சி என்பதும் ஓர் அனுமானமே. பிற வருவாய் உள்ளவருக்கு இந்த இடைவெளி பொறுக்கத்தக்கது. மருந்துக்கும் மளிகைக்கும் இப்பணத்தையே நம்பியிருப்பவருக்கு அவ்வாறு இல்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகள்

இந்தியாவில் உயர்ந்த ஈவுத்தொகைக்குப் பெயர்பெற்ற நிறுவனங்களில் சில இன்றும் சுரங்கத் தொழிலைச் சார்ந்தவையே. பொதுத்துறை நிறுவனமான கோல் இந்தியா, 2010 நவம்பரில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பொதுமக்களுக்கான வெளியீட்டு விலை 245 ரூபாய். 2014 ஜனவரியில் ஒரு பங்குக்கு 29 ரூபாய் இடைக்கால ஈவுத்தொகை வழங்கிய இந்நிறுவனத்தின் பங்கு, 2020 இல் 150 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. பத்தாண்டுகள் ஈவுத்தொகை பெற்றவர், அவசரத் தேவைக்காக அவ்வாண்டில் பங்கை விற்றிருந்தால் முதலில் பெரும்பகுதியை இழந்திருப்பார். 2024 வரை காத்திருந்தவர் 400 ரூபாய்க்கு மேற்பட்ட விலையைக் கண்டார். காத்திருக்க இயன்றவருக்கும் இயலாதவருக்கும் ஒரே பங்கு இருவேறு பலனைத் தந்தது.

ராஜஸ்தானில் சுரங்கங்களைக் கொண்ட இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம், 2022-23 நிதியாண்டில் நான்கு தவணைகளில் ஒரு பங்குக்கு மொத்தம் 75.50 ரூபாய் ஈவுத்தொகை வழங்கியது. அதன் மொத்தத் தொகை சுமார் 31,900 கோடி ரூபாய். அவ்வாண்டின் நிகர இலாபம் சுமார் 10,500 கோடி ரூபாய்தான். எஞ்சியது முந்தைய ஆண்டுகளில் சேர்த்துவைத்த இருப்பிலிருந்து வந்தது. சட்டப்படி இது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அடுத்த ஆண்டு வழங்கப்பட்ட ஈவுத்தொகை ஒரு பங்குக்கு 13 ரூபாய். கடந்த ஆண்டின் தொகையை வைத்துக் கணக்கிட்டு, ‘ஆண்டுதோறும் இவ்வளவு வரும்’ என்று எண்ணி வாங்கியவரின் கணக்கு ஒரே ஆண்டில் பொய்த்தது.

நிறுவனம் கொடுக்க விரும்பினாலும் தடை வரலாம். கொரோனா பரவலின்போது, 2019-20 நிதியாண்டுக்கு வங்கிகள் ஈவுத்தொகை வழங்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2020 இல் உத்தரவிட்டது. அந்நாள்களில் வங்கி வைப்புத்தொகைக்கான வட்டி தடையின்றி வந்தது. அதே வங்கிகளின் பங்குதாரருக்கு ஈவுத்தொகை வரவில்லை.

கடன்பத்திரமும் முழுப் பாதுகாப்புடையதன்று

வாக்குறுதி தருபவர் யார் என்பதே கடன்பத்திரத்தின் மதிப்பை நிர்ணயிக்கிறது. 2018 இல் ஐஎல் அண்டு எஃப்எஸ் குழுமம் தவணை தவறியபோது, உயர்தரச் சான்று பெற்றிருந்த பத்திரங்களை வைத்திருந்தோர் பாதிக்கப்பட்டனர். 2020 மார்ச்சில் எஸ் வங்கி சீரமைக்கப்பட்டபோது, ‘ஏடி-1’ என்ற வகையைச் சேர்ந்த 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள கடன்பத்திரங்கள் முற்றாகக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அதிக வட்டி என்பது அதிக இடரின் விலை என்பதை இவை காட்டுகின்றன.

அரசுக் கடன்பத்திரங்களில் தவணை தவறும் அச்சம் மிகக் குறைவு. 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ‘ரீடெய்ல் டைரக்ட்’ இணையதளம் வழியாகத் தனிநபர்கள் 10,000 ரூபாய் முதல் இவற்றை நேரடியாக வாங்கலாம். முதிர்வுக்கு முன் விற்றால் மட்டும் அன்றைய சந்தை விலையே கிடைக்கும். வங்கி வைப்புத்தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குகளுக்கு இத்தகைய காப்பீடு எதுவும் இல்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஈவுத்தொகைக்காகப் பங்கு வாங்க விரும்புவோர் கவனத்தில் கொள்ள வேண்டியவை வருமாறு:

முகமதிப்பு: ஈவுத்தொகை விழுக்காடு பங்கின் முகமதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. முகமதிப்பு 2 ரூபாயாக உள்ள பங்குக்கு 200 விழுக்காடு என்றால் கிடைப்பது 4 ரூபாய்தான். அப்பங்கின் சந்தை விலை 400 ரூபாய் எனில் உண்மையான வருமானம் 1 விழுக்காடு.

உயர்ந்த விகிதம்: பங்கின் விலை சரியும்போது, கடந்த ஆண்டு ஈவுத்தொகையை வைத்துக் கணக்கிடும் விகிதம் தானாகவே உயர்ந்து தோன்றும். 8, 10 விழுக்காடு என்று காணப்படும் பங்குகளில் விலை ஏன் இறங்கியது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

பகிர்வு விகிதம்: இலாபத்தில் எவ்வளவு பங்கு ஈவுத்தொகையாகச் செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இலாபத்தைவிட அதிகமாகவோ, கடன் வாங்கியோ கொடுக்கப்படும் ஈவுத்தொகை நீடிக்காது. ஓராண்டை விடுத்து, குறைந்தது பத்தாண்டுப் பதிவை நோக்குவது நன்று.

கொள்கை அறிக்கை: சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் ஈவுத்தொகைக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது செபி விதி. பொதுத்துறை நிறுவனங்கள் நிகர இலாபத்தில் 30 விழுக்காடு அல்லது நிகர மதிப்பில் 4 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சமாக வழங்க வேண்டும் என 2024 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டியது. இலாபம் குறைந்தால் இத்தொகையும் குறையும்.

பதிவு நாள்: ஈவுத்தொகை பெற, பதிவு நாளில் பங்கு டீமேட் கணக்கில் இருக்க வேண்டும். எனவே அதற்கு முந்தைய வணிக நாளிலாவது வாங்கியிருத்தல் அவசியம். ஈவுத்தொகை நீங்கிய நாளில் பங்கின் விலை பொதுவாக அத்தொகையளவு இறங்கித் தொடங்குமாதலால், முந்தைய நாள் வாங்கி மறுநாள் விற்பதில் தனி ஆதாயம் இல்லை.

பரவல்: ஒரே துறையில் பணத்தைக் குவிப்பது, ஒரே பாறைத்தொடரை நம்புவதற்கு ஒப்பாகும். தாம் பணிபுரியும் நிறுவனத்தின் பங்கையே பெருமளவில் வைத்திருப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்நிறுவனம் தளர்ந்தால் ஊதியமும் சேமிப்பும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும்.

பரஸ்பர நிதிகள் வழியாக ஈவு பெறுவோரும் இதே எச்சரிக்கைக்கு உரியவர்கள். அவற்றின் ‘டிவிடெண்ட்’ திட்டங்களை, 2021 ஏப்ரல் முதல் ‘வருமானப் பகிர்வு மற்றும் மூலதனத் திரும்பப் பெறல்’ என்ற பொருள்படும் பெயரில் அழைக்குமாறு செபி பணித்தது. கைக்கு வரும் தொகையில் முதலீட்டாளரின் சொந்த முதலும் அடங்கியிருக்கலாம் என்பதை உணர்த்துவதே இதன் நோக்கம்.

வரி நடைமுறை

2020 ஏப்ரல் 1 முதல் ஈவுத்தொகைக்கு நிறுவனம் வரி செலுத்தும் முறை நீக்கப்பட்டு, பெறுபவரின் வருமானத்துடன் சேர்த்து அவரது வரி அடுக்கின்படி வரி விதிக்கப்படுகிறது. வட்டிக்கும் இதே முறைதான். ஒரு நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் பெறும் ஈவுத்தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு முன்வரி பிடித்தம் செய்யப்படும் என 2025 ஏப்ரல் முதல் வரம்பு உயர்த்தப்பட்டது. பான் எண் அளிக்காதோருக்குப் பிடித்தம் 20 விழுக்காடாகும். மூத்த குடிமக்களின் வைப்பு வட்டிக்கு இவ்வரம்பு 1 இலட்சம் ரூபாய்.

பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் மூத்த குடிமக்களுக்கு, வைப்பு வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஈவுத்தொகைக்கு இக்கழிவு பொருந்தாது. 2025-26 நிதியாண்டில் புதிய முறையின்கீழ் ஆண்டு வருமானம் 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோருக்குத் தள்ளுபடி கிடைப்பதால், வட்டி, ஈவுத்தொகை இரண்டுக்குமே வரிச்சுமை இராது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றுப் பெறும் இலாபத்தில், ஆண்டுக்கு 1.25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் 12.5 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது.

கோரப்படாத ஈவுத்தொகை

தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கோரப்படாத ஈவுத்தொகையும், அதற்குரிய பங்குகளும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு முடக்கம், பங்குதாரரின் மறைவு ஆகியவை இதற்குக் காரணங்களாகின்றன. உரிமையாளரோ வாரிசோ உரிய ஆவணங்களுடன் விண்ணப்பித்து இவற்றை மீட்கலாம். டீமேட் கணக்கில் வாரிசு நியமனத்தைப் பதிவு செய்து வைப்பது இச்சிக்கலைப் பெருமளவு தவிர்க்கும்.

எந்தப் பணத்துக்கு எது?

ஒட்டுமொத்தமாக நோக்கினால், ஈவுத்தொகைப் பங்கு கடன்பத்திரத்தின் இடத்தைப் பிடிப்பதைவிட, அதன் அருகில் அமர்வதற்கே ஏற்றது. மாதாந்திரக் குடும்பச் செலவு, மருத்துவம், கல்விக் கட்டணம் ஆகியவற்றுக்கான பணம் வாக்குறுதியின் பக்கம், அதாவது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், அஞ்சலக மாத வருமானத் திட்டம், அரசுக் கடன்பத்திரம், காப்பீட்டு வரம்புக்குட்பட்ட வங்கி வைப்பு ஆகியவற்றில் இருப்பது பொருத்தமானது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் 30 இலட்சம் ரூபாய் வரை செலுத்தலாம். 55 வயது நிறைந்து விருப்ப ஓய்வு பெற்றவர்களும் நிபந்தனைகளுக்குட்பட்டுச் சேரலாம்.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு பகுதியை, விலைவாசி உயர்வை ஈடுகட்டும் நோக்கில், பல துறைகளில் பரவிய ஈவுத்தொகைப் பங்குகளில் இடலாம். ஓராண்டு ஈவு வராமற்போனாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை இருந்தால் மட்டுமே அது பாதுகாப்பான முடிவாகும். பாலகாட் சுரங்கத்தில் பங்கு வாங்கியவருக்கும் சாம்பியன் ரீஃபில் பங்கு வாங்கியவருக்கும், தரையின் அடியில் எவ்வளவு தங்கம் மீதமுள்ளது என்பது முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. இன்று எந்த நிறுவனத்தின் பங்கை வாங்குவோருக்கும் இது பொருந்தும்.

(இக்கட்டுரை பொதுத் தகவலுக்காக மட்டுமே. குறிப்பிட்ட நிறுவனங்கள் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டுள்ளன. அவற்றை வாங்கவோ விற்கவோ இது பரிந்துரையாகாது. வட்டி, வரி விகிதங்கள் மாறுதலுக்கு உட்பட்டவை. முதலீட்டுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.)